கையெழுத்துப் போடுபவர் எதைப் படிக்கிறார்?
பி-டு-பி மென்பொருள் நிறுவனத்துக்கு எந்த ஊடகம்: ஒரு வழிகாட்டி

பாணேர், பாலேவாடி, ஹிஞ்சவாடி என்று புனேயின் மேற்குப் பக்கம் முழுக்க, பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள். இவர்களுக்கு பி.ஆர். பார்க்கப் போனால் கிளையன்ட் கேட்கும் முதல் கேள்வி: "எகனாமிக் டைம்ஸில் வருமா?" பதில் சொல்லுமுன் நீங்கள் ஒன்று கேளுங்கள்: உங்கள் மென்பொருளுக்கு பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுவது யார்? ஊடகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அவரை வைத்துத்தான்.

ஆங்கில வணிக நாளேடுகள்

எகனாமிக் டைம்ஸ், மின்ட், பிசினஸ் ஸ்டாண்டர்ட், பிசினஸ்லைன். முதலீட்டாளரும் வங்கியாளரும் பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களும் படிப்பவை. இவற்றுக்குத் தேவை பணம் பற்றிய செய்தி: முதலீடு, கையகப்படுத்தல், உயர் பதவி நியமனம். புனேயில் வேர்விட்ட ஐசெர்டிஸும் துருவாவும் 2019-இல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டியபோது அது பெரிய செய்தி. "எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு" என்று பிரஸ் ரிலீஸ் அனுப்பினால் டெஸ்க்கில் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கிளையன்ட் பெர்சிஸ்டன்ட், கே.பி.ஐ.டி. போலப் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனமா? முக்கியமான தகவல் முதலில் பங்குச்சந்தைக்குத்தான் போக வேண்டும். செபி விதி அது. பெரிய ஒப்பந்தச் செய்தியை ஒரே நிருபருக்கு முன்கூட்டி எக்ஸ்க்ளூசிவாகத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தொழில்துறை இதழ்கள்

எக்ஸ்பிரஸ் கம்ப்யூட்டர், 1982 முதல் வரும் டேட்டாகுவெஸ்ட் போன்றவை. வாசகர் எண்ணிக்கை குறைவு; ஆனால் வங்கிகளிலும் ஆலைகளிலும் ஐ.டி. பட்ஜெட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். இங்கே எடுபடுவது வாடிக்கையாளரின் கதை: என்ன சிக்கல், எவ்வளவு நாளில் தீர்ந்தது, எங்கே இடறியது.

வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிப் பேச வைப்பதுதான் கஷ்டம். வேலை முடிந்தபின் கேட்டால் அவர்களின் சட்டப் பிரிவு மாதக்கணக்கில் இழுக்கும். விற்பனை ஒப்பந்தத்திலேயே 'ஊடகத்தில் பெயர் குறிப்பிடச் சம்மதம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட்அப் தளங்கள்

யுவர்ஸ்டோரி, இன்க்42 வகை. சீக்கிரம் வெளியிடுவார்கள், நிறுவனரின் கதைக்கு இடம் உண்டு. ஆள் எடுக்கவும் தொடக்கநிலை முதலீட்டாளர் கண்ணில் படவும் நல்ல வழி. புனே அருகே சாக்கனில் உதிரிபாக ஆலை நடத்துபவரிடம் இது போய்ச் சேராது.

மராத்தி நாளேடுகள்

பலர் தாண்டிப் போகும் இடம் இது. லோக்மத், லோக்சத்தா, 1932-இல் புனேயில் தொடங்கிய சகாள் ஆகியவற்றை போசரி, சாக்கன் வட்டாரச் சிறுதொழில் முதலாளிகள் படிக்கிறார்கள். ஆலைக் கணக்கு, இயந்திரக் கண்காணிப்பு மென்பொருள் விற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. வேளாண் மென்பொருள் என்றால் சகாள் குழுமம் 2005-இல் தொடங்கிய அக்ரோவன் என்ற விவசாய நாளேடே இருக்கிறது. ஆங்கில ரிலீஸை மொழிபெயர்த்து அனுப்பினால் போதாது. மராத்தியில் பேட்டி கொடுக்க ஓர் ஆள், ஆலைக்குள் எடுத்த படம், இரண்டும் வேண்டும். கோவை பம்ப் தொழிலுக்கு விற்பவர்கள் தமிழ் நாளேடுகளையும் நாணயம் விகடனையும் இதே கணக்கில் பார்க்கலாம்.

பணம் கட்டி வருபவை

ரிலீஸ் விநியோகச் சேவை, அட்வர்டோரியல். தேடினால் கிடைக்கும் பதிவாக உதவும். நம்பிக்கை சம்பாதித்துத் தராது. மாத அறிக்கையில் இவற்றைக் கவரேஜ் என்று எண்ணாமல் தனியே காட்டுங்கள்.

சுருக்கமாக

முதலீடு திரட்ட: வணிக நாளேடு.
பெரிய நிறுவனத்துக்கு விற்க: தொழில்துறை இதழ்.
ஆள் எடுக்க: ஸ்டார்ட்அப் தளம்.
சிறுதொழிலுக்கு விற்க: மராத்தி நாளேடு.
அமெரிக்காவில் விற்க: அங்குள்ள வாங்குபவர்கள் புழங்கும் இடம்.

கடைசி வகைக்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 2011 கடைசியில், சென்னை நிறுவனமான ப்ரெஷ்டெஸ்க்கைக் காப்பி என்று சாடும் தொனியில் ட்விட்டரில் எழுதினார் போட்டி நிறுவனமான ஜென்டெஸ்க்கின் தலைவர். அப்போது ப்ரெஷ்டெஸ்க் தொடங்கி ஓராண்டுதான். அது ஒரு தனி இணையதளம் திறந்து தன் தரப்பைப் பொதுவில் வைத்தது. ஹெல்ப்டெஸ்க் மென்பொருளை யார் வாங்குவார்களோ அதே வட்டாரத்தில் அந்தச் சண்டை பேசுபொருளானது. பின்னாளில் ப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. அந்த ஒரு சண்டையால் வந்த வளர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு நடந்த இடம் சரியான இடம்.

பலனை அளக்க, 'இத்தனை சென்டிமீட்டர் வந்தது, விளம்பரமாகப் போட்டிருந்தால் இத்தனை லட்சம்' என்ற பழைய கணக்கு வேண்டாம். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்புத் துறையினரே அதை நிராகரித்துவிட்டார்கள். விற்பனைக் குழுவிடம் கேளுங்கள்: வாடிக்கையாளர் யாராவது அந்தக் கட்டுரையைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினாரா, மீட்டிங்குக்கு முன் அதை அனுப்ப முடிந்ததா? மூன்று மாதமாக இரண்டுக்கும் 'ஆம்' என்ற பதில் வரவில்லை என்றால், கவரேஜ் எவ்வளவு குவிந்திருந்தாலும் ஊடகப் பட்டியலை மாற்றுங்கள்.