ஒரே கோப்பை இரண்டு பொதிகள் கேட்டால்

ஒரு மென்பொருளைச் சிறியது, முழுமையானது, வரைகலை முகப்புடன் கூடியது என்று சில வகைகளாகக் கட்டி, டெபியன் அல்லது உபுண்டு கணினிகளுக்கு வழங்குகிறீர்கள். ஒரு வகை இருக்கும் கணினியில் இன்னொன்றை நிறுவப் போனால், 'இந்தக் கோப்பு வேறொரு பொதியிலும் உள்ளது' என்று சொல்லி டிபிகேஜி (பொதிகளை நிறுவும் அடிப்படைக் கருவி) நின்றுவிடுகிறது. பதற வேண்டாம். பாதியில் பிரித்ததை விலக்கி, பழைய கோப்புகளைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அது நிற்கிறது.

காரணம் எளிது. டெபியனில் ஒரு கோப்புக்கு ஒரு பொதிதான் உரிமையாளர். ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பேர் பட்டா கேட்க முடியாது. இரு வகைகளிலும் கோப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் சலுகை கிடையாது. ஆர்பிஎம் முறையில் உள்ளடக்கமும் அனுமதிகளும் ஒத்துப்போனால் இரண்டு பொதிகள் ஒரே கோப்பை வைத்துக்கொள்ளலாம். அதனால் அம்முறை கொண்ட ஃபெடோராவில் பழகியவர்கள் இங்கே திகைப்பது இயல்பு. கோப்பு யாருடையது என்று பார்க்க, டிபிகேஜிக்குப் பெரிய 'எஸ்' விருப்பத்தோடு கோப்பின் பாதையைக் கொடுங்கள்.

இந்த இடத்தில் பலர் கைகாட்டும் குறுக்குவழி 'ஃபோர்ஸ்-ஓவர்ரைட்' (கட்டாயமாக மேலெழுதல்). தயவுசெய்து அதை வழக்கமாக்காதீர்கள். அப்போதைக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கோப்பின் உரிமை புதிய பொதிக்கு மாறிவிடுகிறது. பல மாதம் கழித்துப் புதியதை நீக்கினால் கோப்பும் அதோடு போய்விடும். பழைய பொதி 'நிறுவப்பட்டுள்ளது' என்றே காட்டும், ஓடாது. அன்றைக்குக் காரணம் தேடுவது பெரும்பாடு.

முறையான வழிக்கு டெபியனில் விம் என்ற உரைத் திருத்தியின் பொதிகளைப் பாருங்கள். 'விம்', 'விம்-நாக்ஸ்', 'விம்-ஜிடிகே3' ஆகியவற்றில் முக்கியமாக வேறுபடுவது இயக்கக் கோப்பு மட்டுமே. உதவிப் பக்கங்கள், தொடரியல் வண்ணக் கோப்புகள் போன்ற பெருஞ்சுமை 'விம்-ரன்டைம்' என்ற தனிப் பொதியிலும், பொது அமைப்புக் கோப்பு 'விம்-காமன்' பொதியிலும் இருக்கின்றன. மூன்று வகைகளும் இவ்விரண்டையும் சார்ந்திருக்கின்றன, அதுவும் அதே பதிப்பு எண்ணோடு. இந்தப் பூட்டை விட்டுவிட்டால் புதிய நிரல் பழைய துணைக்கோப்புகளோடு மல்லுக்கட்டும்.

இயக்கக் கோப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்: 'விம்.பேசிக்', 'விம்.நாக்ஸ்', 'விம்.ஜிடிகே3'. 'விம்' என்று தட்டினால் எது ஓட வேண்டும் என்பதை அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் (மாற்றுகளில் ஒன்றுக்கு இணைப்பு தரும் கருவி) முடிவு செய்கிறது. 'விம்-டைனி' என்ற இன்னொரு வகை தனக்கென ஒரு சிறிய உதவிக் கோப்பு வைத்திருக்கிறது. 'விம்-ரன்டைம்' வரும்போது டிபிகேஜி-டைவர்ட் (கோப்பை வேறு பெயருக்குத் திருப்பிவிடும் கருவி) மூலம் அதை ஒதுக்குகிறது. இந்தக் கடைசி உத்தியை அரிதாகவே கையாளுங்கள். அடிக்கடி தேவைப்பட்டால் பொதிகளைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு.

எல்லா வகைகளும் சேர்ந்து வாழ வேண்டும் என்பதும் இல்லை. எக்ஸிம் அஞ்சல் சேவையகத்தின் 'லைட்', 'ஹெவி' வகைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒரு கணினிக்கு இரண்டு அஞ்சல் சேவையகம் எதற்கு? அங்கே 'கான்ஃப்ளிக்ட்ஸ்' (உடனிருக்க முடியாது என்ற அறிவிப்பு) பொருத்தமே. அப்போதும் பொதுக் கோப்புகளை 'எக்ஸிம்4-பேஸ்' என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே வெளியான பொதியிலிருந்து கோப்புகளைப் பொதுப் பொதிக்கு மாற்றும்போதுதான் அதிகம் சறுக்குகிறது. புதிய பொதியில் 'ரிப்ளேசஸ்' (கோப்பை எடுத்துக்கொள்ளும் அனுமதி), 'பிரேக்ஸ்' (பழைய பதிப்போடு ஒத்துவராது என்ற அறிவிப்பு) இரண்டையும், எந்தப் பதிப்புக்கு முந்தையவற்றுக்குப் பொருந்தும் என்று குறித்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விடாதீர்கள். வெளியிடும் முன், பழைய பதிப்பு உள்ள கணினியில் மேம்படுத்தியும், ஒவ்வொரு வகையையும் தனியே நீக்கியும் பாருங்கள். இதைத் தானே செய்து பார்க்கப் பியூபார்ட்ஸ் என்ற கருவி இருக்கிறது.

யாராவது ஏற்கெனவே கட்டாயமாக மேலெழுதிவிட்டார்களா? பின்னால் வந்த பொதியை முதலில் நீக்கச் சொல்லுங்கள். பிறகு ஆப்ட் கட்டளையின் 'ரீஇன்ஸ்டால்' விருப்பத்தால் முந்தைய பொதியை மறுபடி நிறுவினால், தொலைந்த கோப்புகள் திரும்பிவிடும்.