பர்னரில் நீலச் சுடர் எரியட்டும்

கேஸ் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று தெரிந்துகொள்ளப் பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கரி பிடித்திருந்தால் பர்னரில் கோளாறு. அந்தக் கரி, நாம் காசு கொடுத்து வாங்கி, முழுதாக எரியாமல் போன எரிவாயு.

பற்றவைப்பதிலிருந்து தொடங்குவோம். பர்னர் தட்டு தன் பள்ளத்தில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் விரலால் அசைத்துப் பாருங்கள். லைட்டரைப் பர்னர் அருகில் கொண்டுபோன பிறகுதான் திருகை அழுத்தித் திருப்ப வேண்டும். கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடக் கூடாது. இரண்டு மூன்று தட்டலில் பற்றவில்லையென்றால் திருகை மூடிவிட்டு, சேர்ந்த கேஸ் கலையும்வரை பொறுத்து மறுபடி முயலுங்கள்.

திருகைத் திருப்பியதும் நம் அடுப்புகள் பெரும்பாலானவற்றில் முதலில் வருவது முழுத் தீ. அதே பக்கம் இன்னும் திருப்பினால் சிம். தீயைக் குறைக்க நினைத்து மூடும் பக்கமாகத் திருப்புகிறவர்கள் பலர். அங்கே தீ நிலையாக நிற்காது, காற்றடித்தால் அணைந்துவிடும். அணைந்தது தெரியாவிட்டால் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும்.

தோசைக்கல்லும் பெரிய குக்கரும் பெரிய பர்னருக்கு. பால், காபி, தாளிப்புக் கரண்டி எல்லாம் சின்னதற்கு. தீ பாத்திரத்தின் அடிக்குள் அடங்க வேண்டும். பக்கவாட்டில் ஏறும் தீ கைப்பிடியைத்தான் சுடும். குழம்பு கொதிக்கத் தொடங்கிய பின் முழுத் தீ வைத்தாலும் சூடு கூடாது, தண்ணீர் வேகமாக வற்றும், அவ்வளவுதான். குக்கரும் முதல் விசில் வந்ததும் சிம்முக்குப் போய்விடலாம்.

இப்போது சுடரைப் பாருங்கள். நீலமாக, சத்தமில்லாமல், வட்டம் முழுக்க ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மஞ்சளாக நீண்டு ஆடினால் கேஸோடு காற்று போதுமான அளவு கலக்கவில்லை. அப்படி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமில்லை. ஆகவே சமைக்கும்போது சன்னலைத் திறந்தே வையுங்கள்.

மஞ்சள் தீக்குப் பெரும்பாலும் காரணம் பொங்கி வழிந்த பால்தான். துளைகளில் இறங்கிக் காய்ந்து கல்லாகிவிடும். அடுப்பு ஆறியதும் பித்தளைத் தட்டைக் கழற்றி, புளி கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஒவ்வொரு துளையிலும் ஊசியை விட்டு எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அடைபட்ட துளை இருட்டாகத் தெரியும். கழுவிய பின் நன்றாகக் காயவிட வேண்டும். ஒருமுறை அவசரத்தில் ஈரத்தோடு மாட்டிவிட்டேன். தீ பட்பட்டென்று வெடித்து, பாதி வட்டம் பற்றவே இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தபின்தான் சரியாயிற்று.

ஊசி பர்னர் தட்டோடு நிற்கட்டும். அடியில் கேஸ் வரும் ஜெட்டைக் குத்தாதீர்கள். அந்தச் சின்ன ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் அதிகமாக வந்து தீ மஞ்சளாகிவிடும். அது மெக்கானிக்கின் வேலை.

ட்யூபையும் கவனியுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரையைத் தடவுங்கள், கசியும் இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிடுங்கள். எந்த மின் சுவிட்சையும் தொடாதீர்கள், அணைப்பதற்குக்கூட. பிறகு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். இந்த எண்ணை இன்றே வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்துவையுங்கள்.