இரு கண்கள் ஒன்றுபோல் காணுமா?

திருப்பாதிரிப்புலியூர் சந்தையில் கூடை சுமக்கும் பாட்டியானாலும், சிதம்பரம் கீழவீதியில் கோலமிடும் பெரியம்மாவானாலும், வயது ஏறினால் "முழங்கால் வலிக்கிறது" என்பார்கள். முதுமையில் வரும் இவ்வலிக்குப் பெருங்காரணம் மூட்டுத் தேய்மானம் ஆகும். அந்தத் தேய்மானத்தை அறிஞர்கள் எவ்வாறு அளக்கிறார்கள்? அந்த அளவை நாம் நம்பலாமா? தோழியரே, சற்றுச் சிந்திப்போம்.

எலும்புகளின் முனையை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இதில் பெரும்பகுதி நீரே. இரத்தக் குழாய்கள் இல்லாமையால் சிதைந்தால் எளிதில் வளராது. அறுவையின்போது அகற்றப்படும் மூட்டிலிருந்து மெல்லிய சீவல்களை வெட்டி, சாஃப்ரனின் என்னும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நலமான குருத்தெலும்பு சிவந்து தோன்றும். அதன் சத்து குறையக் குறையச் செந்நிறம் வெளுக்கும்.

1971ஆம் ஆண்டில் ஹென்றி மான்கின் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் மனித இடுப்பு மூட்டுகளை ஆராய்ந்து, இதற்கு மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தனர். கட்டமைப்புக்கு 6, செல்களுக்கு 3, சாயத்திற்கு 4, எல்லைக் கோட்டிற்கு 1. ஆக மொத்தம் 14. இங்கே மதிப்பெண் கூடினால் சேதமும் கூடியது என்று பொருள்! 2006இல் பன்னாட்டு ஆய்வுக் கழகம் ஒன்று, சேதத்தின் ஆழத்தையும் பரப்பையும் பெருக்கி 24 வரை செல்லும் வேறொரு முறையை வெளியிட்டது.

ஆனால் பார்ப்பவை மனிதக் கண்களல்லவா? ஒரே கட்டுரைக்கு இரு ஆசிரியைகள் வேறு மதிப்பெண் இடுவதுண்டு. மிக நல்ல கட்டுரையிலும் மிக மோசமான கட்டுரையிலும் ஒத்துப்போவார்கள். நடுத்தரக் கட்டுரையில்தான் தகராறு. குருத்தெலும்பிலும் அப்படியே. சீவல் தடித்தாலும் சாயம் கூடினாலும் நிறம் மாறிவிடும். மேலும், விரிசலால் பெற்ற 5ம், வெளுத்த நிறத்தாலும் குறைந்த செல்களாலும் பெற்ற 5ம் ஒரே சேதமாகுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு மருத்துவர்கள் 100 சீவல்களைப் பார்க்கிறார்கள். இருவரும் தனித்தனியே 80ஐ "லேசானது" என்றும் 20ஐ "கடுமையானது" என்றும் குறிக்கிறார்கள். ஒத்துப்போனவை 80 சீவல்கள். அருமை என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்திருந்தாலும் 64ம் 4ம் சேர்ந்து 68 சீவல்களில் ஒத்துப்போயிருப்பார்கள். மீதியுள்ள 32இல் அவர்கள் உண்மையில் ஈட்டியது 12தான். 12ஐ 32ஆல் வகுத்தால் 0.375. இதற்குக் கப்பா என்று பெயர். 1960இல் ஜேக்கப் கோஹன் தந்த அளவுகோல். முழு உடன்பாட்டுக்குக் கப்பா 1 ஆகும். 80 விழுக்காடு என்ற பெருமை எங்கே போயிற்று, பார்த்தீர்களா?

இதற்கு வழி என்ன? சீவல் யாருடையது என்று தெரியாதபடி எண்ணிட்டு மறைத்தல். இருவர் தனித்தனியே பார்த்தல். சில வாரம் கழித்து அவர்களே மீண்டும் பார்த்தல். மாதிரிப் படங்களை வைத்து முன்கூட்டிப் பழகுதல். புதிய மருந்து குருத்தெலும்பைக் காக்கிறதா என்பதை இம்மதிப்பெண்களே பல ஆய்வுகளில் சொல்கின்றன. அளவுகோல் ஆடினால் பயனற்ற மருந்து பாட்டியின் கைக்கு வரும். பயனுள்ளது குப்பைக்குப் போகும்.

அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று நம் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. நாளை அங்கே நுண்ணோக்கி முன் அமரப்போகும் தோழியரே, "நான் கண்டேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்னொருவரும் அதையே கண்டாரா?" என்றும் கேளுங்கள். அறிவியலின் நேர்மை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.