கருவுற்ற காலத்தில் அடிக்கணிப்பும் எடைக் கணக்கும்

புனேயின் மேற்கே அமைந்த வாகட் முன்பு வேளாண் கிராமமாக இருந்தது. இன்று அது ஹிஞ்சவடி கணினித் தொழிற்பூங்காவை அடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்புகள் மலிந்த பகுதியாகும். நாளின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழிக்கும் மகளிர், கருவுற்றபின் எடை மிகுதியாக ஏறாதிருக்க மணிக்கட்டு அடிக்கணிப்பானை நாடுவது இயல்பே.

எவ்வளவு எடை கூடலாம் என்பதற்கு, அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009இல் வகுத்த அளவு பல நாடுகளில் எடுத்தாளப்படுகிறது. இயல்பான உடல்வாகினருக்கு 11.5 முதல் 16 கிலோ வரை, மெலிந்தவர்க்கு 12.5 முதல் 18 வரை. பருத்தவர்க்கு 5 முதல் 9 வரை. அதாவது, ஒருத்தி தொடங்கும் எடையே அவளுடைய இலக்கை வரையறுக்கிறது.

கருவியோ இந்த வேறுபாட்டைத் தானாக அறிவதில்லை. அதனுள் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை அடிகளாக மாற்றுகிறது, அவ்வளவே. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் புகழ்பெற்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பிறந்தது. கருவுற்றோரை ஆராய்ந்து வகுத்ததன்று. சென்னையில் நீரிழிவுற்ற கர்ப்பிணிகளிடையே நடந்து 2016இல் வெளியான ‘விங்ஸ்’ திட்ட ஆய்வில், தொடக்கத்தில் அவர்களுடைய சராசரி நாளொன்றுக்கு 2,200 அடி அளவில்தான் இருந்தது. ஆலோசனைக்குப்பின் 2,500ஐ எட்டியது. சிறிய ஏற்றம்தான், எனினும் பத்தாயிரத்தைக் காட்டி மிரட்டுவதைவிட இதுவே நடைமுறைக்கு உகந்தது.

புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் 1990களில் கே.இ.எம். மருத்துவமனை ஆய்வாளர்கள் கண்டது இதற்கு நேர்மாறான நிலை. அங்கு மகளிரின் கருவுறுமுன் சராசரி எடை ஏறத்தாழ 42 கிலோ மட்டுமே. வயல் வேலை, கிணற்று நீர் சுமத்தல், துணி துவைத்தல் என உழைப்பு மிகுந்தவர்களின் குழந்தைகள் எடையிலும் தலைச்சுற்றளவிலும் குறைந்திருந்தன என்று 2003இல் வெளியான கட்டுரை காட்டியது. இத்தகைய பெண்ணிடம் "இன்னும் நட" என்று கருவி தூண்டுமானால் அது தீங்கே. மேலும், குடத்தின் பாரத்தை அக்கருவி அளப்பதில்லை. குடத்தைப் பற்றிய கை அசையாதபோது அடிகளும் கணக்கில் விடுபடக்கூடும்.

ஆகவே கருவி காட்டும் எண்ணைத் தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் குறிக்கப்படும் எடையோடு சேர்த்தே படிக்கவேண்டும். இயல்பான உடல்வாகினர்க்கு நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்கு 0.4 கிலோ அளவில் எடை கூடவேண்டும். அதனை மிஞ்சினால், மருத்துவர் தடை கூறாதவிடத்து, உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தவாறு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பை நோக்கி நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். குறைந்தால் முதலில் கேட்கவேண்டியது உணவையும் ஓய்வையும் பற்றியே. இதற்கு மணிக்கட்டுக் கருவி இன்றியமையாததன்று. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் நடைபெறும் இலவசப் பரிசோதனையில் எடைத்தராசே போதுமானது.