வயல்வழி நடை

பிறநாடு செல்வோர் பெரும்பாலும் மாடமாளிகைகளையும் கடைவீதிகளையும் கண்டு மீள்வர். அந்நாட்டு மக்களின் வாழ்வை அறிய விரும்புவோரோ சிற்றூர்களை நாடுதல் வேண்டும். அதிலும் கால்நடையாய்ச் செல்லுதல் வேண்டும். விரைந்தோடும் வண்டி சாலையைக் காட்டும். மெல்ல நடக்கும் கால்களே நிலத்தைக் காட்டும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பீக் மாவட்டம் என்னும் மலைநாடு உள்ளது. மான்செஸ்டர் நகரில் புகைவண்டி ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் ஈடேல் என்னும் பள்ளத்தாக்கை அடையலாம். நிலையத்தை விட்டு இறங்கிய சிறிது தொலைவிலேயே ஒற்றையடிப் பாதை வயல்களினூடே செல்கிறது. சுண்ணச் சாந்து இன்றிக் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் வயல்களைப் பிரிக்கின்றன. சுவர் குறுக்கிடும் இடங்களில் கற்படிகளோ சிறு கதவோ அமைத்திருக்கின்றனர். மனிதர் எளிதிற் கடப்பர்; ஆடுகள் கடவா. இளவேனிற் காலத்தில் தாயாடுகளின் அருகே குட்டிகள் துள்ளி விளையாடும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும்.

இவ்வயல்கள் தனியாருக்கு உரியவை. ஆயினும், பாதையில் நடக்கும் உரிமை அனைவர்க்கும் உண்டு. உழவர் அப்பாதையை அடைத்தல் ஆகாது. நடப்போர் பயிரை மிதித்தல் ஆகாது. இவ்வேற்பாடு எளிதில் வந்ததன்று. ஈடேலுக்கு மேலே நிற்கும் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் ஒருகாலத்தில் செல்வர்களின் வேட்டைக்காடாய் இருந்தது. ஆலைப் புகையில் ஆறு நாள் உழைத்த தொழிலாளர், ஏழாம் நாள் தூய காற்றை நாடி வந்தால் காவலர் தடுத்தனர். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், ஏறத்தாழ நானூறு பேர் தடையை மீறி அம்மேட்டில் ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். நடந்ததற்காகச் சிறையா என்று நாடே வியந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் பாதைகளை அளந்து வரைபடத்தில் குறிக்குமாறு ஆணையிட்டது. 1951ஆம் ஆண்டு பீக் மாவட்டம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. மலைகளிலும் தரிசு மேடுகளிலும் பாதையை விட்டும் உலவும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

இத்தகைய பாதைகள் சில வேளைகளில் ஒரு பண்ணைக் கடையின் வாயிலில் கொண்டுபோய் விடும். பழைய தொழுவத்தையே செப்பனிட்டுக் கடையாக்கியிருப்பர். முட்டை, பாற்கட்டி, தேன், உருளைக்கிழங்கு, பழப்பாகு முதலியன அங்கே கிடைக்கும். அவற்றுட் பல அப்பண்ணையிலோ அண்டைப் பண்ணைகளிலோ விளைந்தவை. மொத்த வணிகரிடம் விற்றால் விலையை அவர் வகுப்பர். தம் வாயிலில் விற்றால் உழவரே வகுப்பர். சிறு பண்ணைகள் நிலைத்து வாழ இவ்வேறுபாடு பெருந்துணை ஆகிறது. சில பண்ணைகளின் வாயிலில் விற்பவர் எவரும் இரார். முட்டைகளும் ஒரு பணப்பெட்டியும் மட்டுமே இருக்கும். வாங்குவோர் விலையைப் பெட்டியில் இட்டுச் செல்வர். நாணயமே அங்குக் காவலாள்!

நடப்பவரும் உழவரும் ஒருவரையொருவர் எவ்வளவு சார்ந்துள்ளனர் என்பதை 2001ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு கால்நடைகளிடையே கோமாரி நோய் பரவியது. அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோய் பரவாதிருக்க நாட்டுப்புறப் பாதைகளை அடைத்தனர். உழவர் மந்தையை இழந்தனர்; நடப்போர் வராமையால் சிற்றூர்க் கடைகளும் விடுதிகளும் வருவாய் இழந்தன.

ஆதலால், வயல்வழி நடப்போர்க்குச் சில கடமைகள் உண்டு. திறந்த கதவை மூடுதல் வேண்டும். உழவர் திறந்தே வைத்த கதவை அவ்வாறே விடுதல் வேண்டும். ஆடுகள் மேயுமிடத்தில் நாயைக் கயிற்றிற் பிடித்துச் செல்லுதல் வேண்டும். குப்பையைத் தம்முடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். இவை சிறிய செயல்களே. ஆனால், போராடிப் பெற்ற உரிமை இத்தகைய சிறு செயல்களாலேயே காக்கப்படுகிறது.