மருந்தின் நான்காம் கூறு: ‘திருமதி டலோவே’ நாவல் காட்டும் உறவும் உளநோயும்

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். இவற்றுள் நான்காம் கூற்றை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். அதனை அகற்றிவிடின் நேருங் கேடு யாது என்பதை உணர்த்தும் நாவலொன்றை ஈண்டு ஆராய்வோம். வேர்ஜினியா வுல்வ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘திருமதி டலோவே’ என்பதே அது.

இவ்வாசிரியை நமக்கு முற்றும் அந்நியரல்லர். 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியேற்றவரும், இலங்கைக் காட்டுக் கிராமமொன்றைப் பற்றி 1913 இல் நாவல் எழுதியவருமாகிய லெனாட் வுல்வ் அவர்களே இவர்தம் கணவர். 1912 இல் இவர்கள் மணம் நிகழ்ந்தது. வேர்ஜினியா இளமைதொட்டே உளநோயாற் பன்முறை வருந்தியவர். ஓய்வு என்னும் பெயரால் எழுத்தும் வாசிப்பும் விலக்கப்பட்ட சிகிச்சையைத் தாமே அனுபவித்தவர். 1941 இல் அந்நோய் மீண்டும் நெருங்கிய வேளையில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஆதலின், இந்நாவலில் வரும் நோயும் வைத்தியரும் வெறுங் கற்பனையல்லர்.

கதை 1923 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலண்டன் மாநகரில், ஒரே நாளில் நிகழ்வது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மனைவியாகிய கிளறிசா டலோவே அன்றிரவு விருந்தொன்றுக்கு ஆயத்தஞ் செய்கின்றாள். அதே நகரில், முதலாம் உலகப் போரினின்று மீண்ட செப்டிமஸ் என்னும் இளைஞன் சித்தங் கலங்கித் திரிகின்றான். இவ்விருவரும் ஒருவரையொருவர் சந்திப்பதேயில்லை.

செப்டிமசின் நோய்க்கு வேர் எது? போர் முடிவதற்குச் சற்று முன்னர் அவனுடைய உயிர்த்தோழன் எவன்ஸ் மாண்டான். அப்போது அவன் அழவில்லை. அழாமை ஆண்மை என்று தன்னை மெச்சிக்கொண்டான். பின்னர், எதனையும் உணரும் ஆற்றலே தன்னை விட்டகன்றது கண்டு அஞ்சினான். அவ்வச்சத்திலேயே மிலான் நகரில் தொப்பி செய்யும் தொழிலறிந்த றெசியா என்னும் பெண்ணை மணக்க இசைந்தான். அழப்படாத துயர் ஈற்றில் மாண்ட தோழனின் குரலாகவும் உருவாகவும் அவன்முன் வந்து நின்றது.

றெசியாவை ஆசிரியர் தெய்வப் பெண்ணாகப் புனையவில்லை. அந்நிய நாட்டிற் சுற்றமின்றி இருப்பவள் அவள். பூங்காவிற் கணவன் தனக்குத்தானே பேசுங்கால் பிறர் பார்ப்பரே என நாணுகின்றாள்; சினக்கின்றாள். விரல் மெலிந்தமையால் மணமோதிரத்தைக் கழற்றி வைக்கின்றாள். தம் மணவாழ்வே முடிந்தது என அவன் எண்ணுகின்றான். நோயாளியின் வீட்டில் மற்றொருவரும் மெலிகின்றார் என்னும் உண்மையை இச்சிறு நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது.

வைத்தியர் இருவர் வருகின்றனர். ஹோம்ஸ், நோய் ஒன்றுமேயில்லை என்கிறார். சேர் வில்லியம் பிராட்ஷோ நோயின் கடுமையைச் சில நிமிடங்களிலே கண்டுகொள்கிறார். ஆயின் மனைவியினின்று பிரித்து நாட்டுப்புற இல்லமொன்றில் வைத்தல் வேண்டுமென விதிக்கிறார். முன்னவர் நோயைக் காணவில்லை. பின்னவர் மனிதனைக் காணவில்லை.

அன்று மாலை, றெசியா ஒரு தொப்பியைத் தைக்கின்றாள். செப்டிமஸ் நாடாக்களையும் பூக்களையும் தெரிந்து பொருத்துகின்றான். இருவரும் நகைக்கின்றனர். நெடுநாட்களின் பின் அவன் அவனாகவே இருக்கின்றான். எம்மைப் பிரிக்கவியலாது என்கிறாள் அவள். அவ்வேளை ஹோம்ஸ் படியேறி வருகிறார். தடுத்த றெசியாவை ஒதுக்கிவிட்டு மேலே செல்கிறார். அகப்பட்டேன் என அஞ்சிய செப்டிமஸ் உயிர்துறக்கின்றான்.

அச்செய்தி விருந்தின் நடுவே கிளறிசாவை எட்டுகின்றது. அறியாத அவ்விளைஞனின் உள்ளத்தை அவள் தன்னுள்ளத்தில் உணர்கின்றாள். முதலில் கிளறிசாவே இறப்பதாகக் கதையை எண்ணியிருந்ததாக ஆசிரியர் 1928 இல் எழுதிய முன்னுரையிற் கூறியுள்ளார். நலமுடையார் எனப்படுவார்க்கும் நோயுற்றார்க்கும் இடையிலுள்ள சுவர் மெல்லியது என்பது இதனாற் பெறப்படும்.

இந்நாவல் வைத்தியத்தை வேண்டாவென்கிறது எனக் கொள்ளுதல் பிழை. இன்றைய உளமருத்துவம் அக்காலத்ததன்று. மருந்தும் ஆலோசனையும் பலரை மீட்கின்றன. குடும்பத்தாரின் துணையையும் அது நாடுகின்றது. வைத்தியரிடம் செல்க, ஆனாற் கைவிடாது உடன் செல்க என்பதே நாம் பெறும் பாடம்.

2009 இல் முடிவுற்ற நெடும்போரைக் கண்டது எம்நாடு. அழாத துயரோடு வாழ்வோர் எம்மூரிலும் உளர். அவர்களை ‘ஒன்றுமில்லை’ என்று தட்டிக் கழியாமலும், ஊரார்க்கு நாணி அறையில் ஒளியாமலும், அருகிருந்து ஒரு தொப்பியேனும் உடன் தைப்போமாக. மருந்தின் நான்காம் கூறு நாமே.