யூசுப் நபி தம் தலைமகனுக்கு இட்ட பெயர்

பிள்ளைக்கு நல்ல பெயர் சூட்டுவது பெற்றோரின் கடமைகளில் ஒன்று. இதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடியிறக்கி, அகீகா கொடுத்து, ஆலிம் ஒருவரை அழைத்துப் பெயர் வைப்பது நம் முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம். அப்பெயர்களில் பெரும்பாலானவை நபிமார்களின் திருப்பெயர்களே. நம்மவர் கடைவீதியில் ஒருமுறை நடந்து பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் இபுறாகீம், இஸ்மாயில், யாகூப், யூசுப், மூசா, தாவூது, சுலைமான் என்று பனீ இஸ்ராயீல் சரித்திரத்தின் பாதியைப் படித்துவிடலாம்.

அந்தத் தூய குடும்பத்திலேயே பிறந்த ஒரு பெயர் மட்டும் நம்மிடையே வழங்கவில்லை. யூதர்களிடையேயும் அது அதிகமாகப் பரவவில்லை. நபி யூசுப் (அலை) அவர்கள் தம் மூத்த மகனுக்கு இட்டதாகச் சொல்லப்படும் பெயர் அது. ஹிப்ரு மொழியில் "மனஷ்ஷே" என்பர். தமிழ் பைபிளில் "மனாசே" என்று எழுதியிருக்கும். நம் அரபு வரலாற்று நூல்களில் "மனஸ்ஸா" என்றும் "மீஷா" என்றும் காணப்படுகிறது. இப்பெயரின் பொருளை ஆராய்ந்தால், ஊரைவிட்டு வந்து தொழில் செய்யும் நமக்கு அதில் ஒரு பெரிய பாடம் இருப்பது விளங்கும்.

சொல்லும் பொருளும்

மனஷ்ஷே என்றால் "மறக்கச் செய்பவன்" என்று பொருள். ஹிப்ருவில் "நஷா" என்பது மறத்தலைக் குறிக்கும் வினை. அதன் முன்னே "ம" என்னும் எழுத்தைச் சேர்த்தால், அச்செயலைச் செய்விப்பவனைக் குறிக்கும் பெயராகிறது.

ஹிப்ருவும் அரபியும் ஒரே குடும்பத்து மொழிகள். ஹிப்ருவில் "ஷ" ஒலி வரும் பல சொற்களில் அரபியில் "ஸ" ஒலி வரும். அவர்கள் "ஷாலோம்" என்பதை நாம் "ஸலாம்" என்கிறோம். அவர்கள் ஆண்டை "ஷானா" என்பர். அரபியில் அது "ஸனா". அவ்வாறே அவர்களுடைய "நஷா" அரபியில் "நஸிய" ஆகிறது. மறதிக்கு நாம் சொல்லும் "நிஸ்யான்" என்ற சொல் இதே வேரில் முளைத்ததுதான். மதரஸாவில் சிறிது காலம் ஓதியவருக்குக்கூட இப்பெயர் முற்றிலும் அந்நியமானதன்று.

இன்னொரு நயமும் இதில் உண்டு. சூரா யூசுபில், சிறையிலிருந்து விடுதலையாகப் போகும் தோழனிடம், அரசனிடம் தம்மைப் பற்றிக் கூறும்படி யூசுப் நபி (அலை) சொல்லியனுப்புகிறார்கள். அதை ஷைத்தான் மறக்கச் செய்துவிட்டான் என்றும், அதனால் அவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையிலிருக்க நேர்ந்தது என்றும் 42-ஆம் ஆயத்து உணர்த்துகிறது. மறந்தவன் அந்தத் தோழன் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. அங்கே "மறக்கச் செய்தான்" என்பதற்கு வரும் "அன்ஸா" என்ற சொல்லும், மனஷ்ஷே என்ற பெயரும் ஒரே வேரின் கிளைகள். பிறர் மறந்ததால் சிறையில் வாடியவர்களின் மகனுக்கு மறதியைக் குறிக்கும் பெயர் அமைந்தது சிந்திக்கத்தக்கது.

பெயர் பிறந்த வரலாறு

யூசுப் நபியின் மக்களைக் குர்ஆன் ஷரீப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. நாம் இங்கு கூறுவது தவ்ராத்தின் ஆதியாகமம் என்னும் பகுதியில் உள்ள செய்தி. வேதக்காரர் கூறுபவற்றை மெய்யென்றும் கொள்ளாமல், பொய்யென்றும் தள்ளாமல் இருக்கும்படி நம் நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். அந்த அளவில் நின்றே இதை வாசகர்கள் படிக்கவேண்டும்.

அந்நூலின்படி, யூசுப் நபியவர்கள் 17 வயதில் சகோதரர்களால் விற்கப்பட்டார்கள். 30-ஆம் வயதில் மிஸ்ரு மன்னன் முன் நின்று, தானியக் களஞ்சியங்களின் அதிகாரியானார்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளுக்குள் அவர்களுக்கு இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். தம் துன்பத்தையும் தந்தை வீட்டையும் மறக்கும்படி இறைவன் செய்தான் என்று கூறி மூத்தவருக்கு மனஷ்ஷே என்று பெயரிட்டார்கள். துன்பப்பட்ட நாட்டிலேயே தம்மைப் பலுகச் செய்தான் என்று கூறி இளையவருக்கு எப்ராயீம் என்று பெயரிட்டார்கள். முதலில் மறதி, பிறகு பெருக்கம். இந்த வரிசையையும் கவனிக்க வேண்டும்.

மறந்தது எதனை?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. துன்பத்தை மறந்தது சரி. தந்தை வீட்டையுமா ஒரு நபி மறப்பார்கள்? அங்கே யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை நினைந்து அழுதழுது கண் பார்வையை இழந்து நிற்க, இங்கே அதிகாரத்தில் இருக்கும் மகன் ஒரு கடிதமாவது அனுப்பக்கூடாதா? இந்தக் கேள்வியை நாம் மட்டும் கேட்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த நக்மானிதஸ் என்ற யூத விரிவுரையாளரும் இதைக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்.

விடை யூசுப் நபியின் செயலிலேயே இருக்கிறது. பஞ்ச காலத்தில் சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நின்றபோது, அவர்கள் இவரை அறிந்துகொள்ளவில்லை. இவரோ அவர்களைக் கண்டவுடனே அறிந்துகொண்டார்கள். மறந்தவர் அப்படி அறிவாரா? அளவையை நிறைவாக அளந்து கொடுத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கிரயப் பொருளையும் அவர்களுடைய மூட்டையிலேயே திரும்ப வைக்கச் செய்தார்கள். தம்பியைக் கேட்டு வரவழைத்தார்கள். முடிவில், இன்று உங்கள்மீது எந்தப் பழியும் இல்லை என்று மன்னித்து, தந்தைக்குத் தம் சட்டையைக் கொடுத்தனுப்பினார்கள். சொற்பக் காசுக்குத் தம்மை விற்றவர்களுக்கு அவர்கள் காட்டிய நீதி இது.

ஆகவே அவர்கள் மறந்தது வீட்டையன்று. வீட்டாரால் நேர்ந்த காயத்தை. தந்தை நெஞ்சில் இருந்தார். கிணறுதான் நெஞ்சைவிட்டு அகன்றது. மனஷ்ஷே என்ற பெயரை நாம் இவ்வாறு பொருள் கொள்வதே பொருத்தமாகும்.

அந்த வரலாற்றின் முடிவும் இதற்கு ஒத்து நிற்கிறது. ஏறத்தாழ 22 ஆண்டுப் பிரிவுக்குப் பின் தந்தையும் மகனும் கூடினர். யஃகூப் நபியவர்கள் தம் இறுதி நாட்களில் பேரர் இருவரையும் அருகே அணைத்து, தம் சொந்தப் பிள்ளைகளாகவே ஏற்று வாழ்த்தினார்கள் என்று தவ்ராத் கூறும். தந்தை வீட்டை மறப்பித்தவன் என்று பெயர் பெற்ற பேரன், அந்தத் தந்தை வீட்டின் மடியிலேயே சேர்ந்துவிட்டான்!

பெயர் ஏன் பரவவில்லை?

வெள்ளி இரவுதோறும் யூதத் தகப்பனார் தம் ஆண்மக்களின் தலைமேல் கை வைத்து, எப்ராயீமையும் மனஷ்ஷேயையும் போல இறைவன் உன்னை ஆக்குவானாக என்ற கருத்தில் துஆச் செய்வது அவர்கள் வழக்கம். இப்ராஹீம், இஸ்ஹாக், யஃகூப் ஆகிய பெரியோரை விட்டு இவ்விருவரை ஏன் சொல்லவேண்டும்? அவர்களுடைய அறிஞர்கள் இரண்டு காரணம் கூறுவர். அந்நிய நாட்டில் பிறந்து வளர்ந்தும் இவ்விருவர் மார்க்கத்தைக் கைவிடவில்லை என்பது ஒன்று. இளையவருக்கு முதலிடம் கிடைத்தபோதும் அண்ணன் தம்பிக்குள் பொறாமை எழவில்லை என்பது மற்றொன்று.

வாரந்தோறும் வாயால் சொல்லப்படும் இப்பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவோர் மட்டும் குறைவு. மறதி என்ற பொருள் பெற்றோருக்கு இனிக்காதிருக்கலாம். மேலும், யூதேயா நாட்டை 55 ஆண்டு ஆண்ட மனஷ்ஷே என்ற அரசன், சிலை வணக்கத்தைப் புகுத்திய கொடியவன் என்று அவர்கள் வேதத்தில் பழிக்கப்படுகிறான். கி.மு. 7-ஆம் நூற்றாண்டு அஸீரிய மன்னர்களின் களிமண் சாசனங்களிலும் அவன் பெயர் உண்டு. சிறைப்பட்டுப் பின் தௌபாச் செய்தான் என்று அவர்களுடைய இன்னொரு நூல் கூறினாலும், பழி என்னவோ பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒருவன் நடத்தை அவன் பெயரையே கெடுத்துவிடும் என்பதற்கு இது சான்று.

வழங்கிய இடங்கள்

எனினும் பெயர் அடியோடு மறையவில்லை. 1626-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் முதல் ஹிப்ரு அச்சகத்தை நிறுவியவர் மனஸ்ஸே பென் இஸ்ராயேல் என்ற அறிஞர். யூதர்களை மீண்டும் இங்கிலாந்தில் குடியேற விடும்படி 1655-இல் குரோம்வெல்லிடம் வாதாடியவரும் அவரே. பைபிள் சென்ற வழியில் இப்பெயரும் சென்று, ஆப்பிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் கிறிஸ்தவர்களிடையே வழங்குகிறது. 2000-இல் முதன்முறையாக ஸாலமன் தீவுகளின் பிரதமரான மனாஸே ஸோகவாரே இதற்கு உதாரணம். இந்தியாவின் மணிப்பூர், மிஸோராம் பகுதிகளில் தங்களை இந்த மனஷ்ஷேயின் சந்ததியார் என்று கூறிக்கொள்ளும் மக்கள் உள்ளனர். 2005-இல் இஸ்ரேலின் தலைமை ரப்பி ஒருவர் அதை ஒப்புக்கொண்டதன்பின் அவர்களில் பலர் அங்கு குடிபெயர்ந்தனர்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் சிங்கப்பூரிலேயே இப்பெயர் உண்டு. பக்தாதிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வாணிகத்துக்காக இங்கு வந்த யூதர்களில் பெரும் செல்வராய் விளங்கியவர் சர் மனாஸே மேயர். ஆக்ஸ்லி ரைஸில் 1905-இல் ஹெஸெட்எல் தொழுகைக் கூடத்தைக் கட்டியவர் அவர். 1930-இல் காலமானார். புக்கித் தீமா பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயர் தாங்கிய கட்டடம் இன்றும் நிற்கிறது. அவ்வழியே செல்லும் நம் பிள்ளைகளுக்கு, இது யூசுப் நபியின் மகன் பெயர் என்று சொல்லிக் கொடுக்கலாம்.

நமக்குள்ள பாடம்

மனஷ்ஷேயின் சந்ததியாருக்கு நிலம் பங்கிட்டபோது, பாதிப் பேருக்கு ஜோர்தான் நதியின் கிழக்குக் கரையும், பாதிப் பேருக்கு மேற்குக் கரையும் கிடைத்தன. ஒரே குடும்பம், இரண்டு கரை. இது நம் கதையல்லவா? நாகூர், முத்துப்பேட்டை, கடையநல்லூர், தென்காசி என்று பல ஊர்களிலிருந்து ரஜூலாவிலும் சிதம்பரத்திலும் கப்பலேறி வந்த சபுராளிகளின் குடும்பங்கள் இன்றும் இரு கரையிலும் இருக்கின்றன.

நம்மில் சிலர் மறக்கவேண்டியதை நினைவில் வைத்து, நினைவில் வைக்கவேண்டியதை மறந்துவிடுகிறோம். கூட்டு வியாபாரம் பிரிந்தபோது அண்ணன் எடுத்துக்கொண்ட அலமாரிக்கு இன்றும் கணக்கு வைத்திருக்கிறோம். அந்த அண்ணன் தன் ஊதியத்தில் நமக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்ததை எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை. பாகப்பிரிவினைச் சண்டையால் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதவர் உண்டு. உம்மாவுக்குப் பணம் மட்டும் அனுப்பிவிட்டுக் குரலைக் கேட்கவிடாதவரும் உண்டு. யூசுப் நபியவர்கள் அனுப்பியது தானியம் மாத்திரமா? தம் உடல் வாசனையுள்ள சட்டையையும் அல்லவா அனுப்பினார்கள்!

யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்களின் மகனுக்கு நம் நபி (ஸல்) அவர்கள் யூசுப் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. மனஷ்ஷே என்ற பெயரை நம் பிள்ளைகளுக்கு இடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதன் பொருளை நம் நெஞ்சுக்கு இட்டுக்கொள்ளலாம் என்றே சொல்கிறோம். இதைப் படித்து முடித்ததும், பல நாளாகப் பேசாதிருக்கும் உடன்பிறந்தார் யாரேனும் இருந்தால், அவருக்கு முதல் ஸலாத்தை நாமே சொல்வோம். அவர் பதில் சொல்லாவிட்டாலும் கூலி நமக்குண்டு.

மறதியாலும் பிழையாலும் செய்தவற்றுக்கு நம்மைப் பிடிக்காதிருக்கும்படி இறைவனிடம் இறைஞ்சுவதைக் குர்ஆன் ஷரீப் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. காயங்களை மறக்கச் செய்து, கடமைகளை மறவாதிருக்கச் செய்ய வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.